அரக்கோணம் தாண்டாதவன் எழுதிய மெட்ராஸ்

எங்கள் ஊர் பஜாரில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் ஸ்டூடியோ வந்திருக்கிறது. வெறும் நீலச் சுவர் முன்னால் ஆளை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். பிறகு பெட்டியில் ஏதோ தட்டினால் ஆளுக்குப் பின்னால் தாஜ்மகால் வந்து நிற்கிறது. பஸ் பாஸுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போன என்னையும் ஒரு நிமிஷம் தாஜ்மகால் முன்னால் நிறுத்திக் காட்டினார் ஸ்டூடியோக்காரர். புகைப்படக்காரர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். "ஐயா, உங்க காலத்துல இதுக்கெல்லாம் இன்னா பண்ணீங்க? சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார்.

'கையால் செய்தோம், மோசமாகச் செய்தோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் நினைத்தேன். அது போதாது, குறைந்தது மூன்று பக்கமாவது வேண்டும் என்றார். ஆகவே எவ்வளவு மோசமாகச் செய்தோம் என்பதையும் எழுதுகிறேன்.

என் தொழில் போட்டோ ஸ்டூடியோவுக்குப் படுதா எழுதுவது. படுதா என்றால் படம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பின்னால் தொங்குகிற சித்திரத் திரை. இந்தத் தொழிலுக்கு நான் பெற்ற பயிற்சி, அரக்கோணத்தில் போர்டு எழுதும் ஒருவரிடம் இருந்த கொஞ்ச காலம். அவர் என்னைச் சுவர்களில் 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று எழுத விட்டார். நான் எழுதிய சுவர்களில் ஜனங்கள் முன்னைவிட அதிகமாகத் துப்பினார்கள். எழுத்தைப் பார்த்த கோபமாக இருக்கலாம். அங்கிருந்து என்னைத் திருத்தணிக்குத் திரும்பக் கூட்டி வந்தவர் உஸ்மான் பாய்.

பாயின் ஸ்டூடியோ மலையடிவாரத்தில், மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் தடவி இறங்குகிற குடும்பம் முதலில் பார்க்கிற இடத்தில் இருந்தது. கூரையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில்தான் எங்களுக்கு விளக்கு. பாய் நல்ல உயரம், மெதுவான பேச்சு. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "வாடா தணிகாசலம்" என்றால் சந்தோஷமாக இருக்கிறார். "வாங்க தணிகாசலம்" என்றால் ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. "வாங்க சார்" என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நான் எழுதிய முதல் படுதா ஒரு ரோஜாத் தோட்டம். செக்கச் செவேலென்று பூக்கள், மேலே பளிச்சென்ற நீல வானம். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் முன்னால் ஒரு கல்யாண ஜோடியைப் படம் பிடித்தார் பாய். இருட்டறையிலிருந்து ஈரப் படத்தோடு வெளியே வந்தார்.

"வாங்க சார். மாப்பிள்ளையும் பொண்ணும் காக்கா கூட்டத்துல நிக்கறாங்க, பாருங்க."

அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடிப் பிளேட்டில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெள்ளையாகப் போய்விடும். இது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வர்ணம் கிடையாது. காடாத் துணியை அகலமாகத் தைத்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மைதாக் கஞ்சியில் சீமைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசுவோம். காய்ந்ததும் பாட்டில் அடியால் தேய்த்து வழவழப்பாக்குவோம். வஜ்ரப் பசையைக் காய்ச்சி, அதில் விளக்குக் கரியையும் வெள்ளைப் பொடியையும் பல அளவில் கலந்து சாம்பல் நிறங்களாகவே எழுத வேண்டும். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருவதால் எல்லாவற்றுக்கும் நிழல் வலது பக்கம் விழ வேண்டும். எழுதி முடித்ததும் பாய் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூர நின்று பார்ப்பார்.

"கண்ணாடி இல்லாம பாத்தா நெஜமா இருக்கணும்டா. கண்ணாடி போட்டுப் பாத்தா நீ எழுதினதா இருந்துட்டுப் போவுது, பரவால்ல."

அந்த அளவுக்குத்தான் என்மீது அவருக்கு நம்பிக்கை.

பள்ளிப்பட்டுப் பக்கம், நகரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் "தோட்டம் வேணாம் பாய், பட்டணம் இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பட்டணம் என்றால் மெட்ராஸ். எழுதச் சொல்லிவிட்டார் பாய். நீ மெட்ராஸைப் பார்த்திருக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு பட்டணம் போகாத வாலிபன் ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் தோன்ற வைக்கவில்லை. உண்மையில் நான் அரக்கோணம் தாண்டியது கிடையாது.

ஒரு பழைய காலண்டரில் ஐகோர்ட்டின் உச்சியில் இருக்கிற உருண்டைக் கும்பங்கள் இருந்தன. ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு இருந்தது. செத்த காலேஜ் என்று ஜனங்கள் சொல்கிற மியூசியத்தின் வட்டமான முகப்பை ஒரு ரயில்வே கார்டு எனக்குக் கைவீசி விளக்கினார். மூன்றையும் வெவ்வேறு படுதாவாக எழுதத் துணி இல்லை. ஆகவே ஒரே கட்டடமாகக் கட்டிவிட்டேன். வட்ட முகப்பு, அதன்மேல் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் கும்பங்கள். மெட்ராஸ் என்றால் கடல் வேண்டுமே என்று பின்னால் கடல் வைத்தேன். கடல் என்றால் கப்பல் வேண்டுமே. கப்பலை முதலில் எழுதிவிட்டபடியால் அது கட்டடத்தைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் பார்த்தார். "இது மெட்ராஸ்ல எங்கடா இருக்குது?" என்றார்.

"பீச்சுப் பக்கம் பாய்" என்றேன்.

ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. மொட்டைத் தலைக் குழந்தைகள், தாலுகா ஆபீஸ் பியூன்கள், புதுப் பெண்டாட்டிகள் எல்லோரும் என் மெட்ராஸின் முன்னால் நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவன் எத்திராஜ். பள்ளிப்பட்டு நெசவுக்காரன், இருபத்தைந்து வயதிருக்கலாம். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய், வேலை தேடி மெட்ராஸுக்கு ரயிலேறப் போகிறவன். வழியில் எங்களிடம் வந்தான். ஸ்டூடியோவில் வாடிக்கைக்காரர்களுக்கென்று ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். யார் போட்டாலும் தோளில் நிற்காது. பின்பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்து வைப்போம். அதை மாட்டிக்கொண்டு நின்றவன் திரும்பித் திரும்பி என் கட்டடத்தைப் பார்த்தான்.

"அண்ணா, மெய்யாலுமே பட்டணம் இப்டித்தான் இருக்குமா?"

"இதைவிடப் பெருசு" என்றேன். பிளேட்டில் அவன் முகத்தில் விழுந்த சந்தோஷத்துக்கு என் பங்கு அவ்வளவுதான். படத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போனான்.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. ஜப்பான்காரன் மெட்ராஸ்மேல் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. அரக்கோணம் பெரிய ஜங்ஷன் என்பதால் எங்களையும் விளக்கை மறைக்கச் சொன்னார்கள். எங்கள் கண்ணாடிக் கூரை நிலா வெளிச்சத்தில் மின்னுகிறது, ஆகாய விமானத்துக்கு அடையாளமாகிவிடும் என்றார் வந்து பார்த்த அதிகாரி. பொழுது சாய்ந்ததும் கூரைமேல் இழுத்து மூடப் பெரிய துணி தேவைப்பட்டது. இருந்ததில் பெரியது மெட்ராஸ். பாய் அதற்கு இரண்டு பக்கமும் தார் பூசிவிட்டார். ஜப்பான்காரனுக்கு முன்பே மெட்ராஸைக் காலி செய்த பெருமை எங்கள் ஸ்டூடியோவுடையது.

அந்தச் சித்திரை மாசம் நிஜ மெட்ராஸும் காலியாகத் தொடங்கியது. ரயில் ரயிலாக ஜனங்கள் வந்தார்கள். திருத்தணியில் வீட்டு வாசலெல்லாம் பட்டணத்துப் பெட்டி படுக்கைகள். அப்போதுதான் ஒரு மத்தியானம் அறுபது வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, விரல்களில் நெசவுக் காய்ப்பு. பேர் முனிரத்தினம், பள்ளிப்பட்டு. துண்டுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"பட்டணத்துலர்ந்து எல்லாரும் வந்துகினு கீறாங்க. என் மருமவன் வரல. இந்த ஆபீஸ்ல வேல செய்றதா ஆள் மூலமா சொல்லி, இந்தப் படத்த அனுப்பிச்சான். அப்புறம் ஒரு சேதியும் இல்ல. இது எங்க கீதுன்னு ஸ்டேஷன்ல கேட்டுப் பாத்தேன், ஒருத்தனுக்கும் தெரியல. போட்டோ புடிக்கறவங்களுக்குத் தெரியும்னாங்க."

படத்தில் எத்திராஜ் நின்றான். எங்கள் கோட்டு. என் கட்டடம். என் கப்பல்.

நான் உடனே சொல்லிவிட்டேன். "பெரியவரே, இது நெஜக் கட்டடம் இல்லீங்க. நான் எழுதின படுதா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையெல்லாம் கஞ்சி. "நீயா?" என்றார். "இத்த நீ எழுதினியா?"

அந்தக் கேள்வியில் இருந்த அவநம்பிக்கை என்னைச் சுட்டது. படுதாவைக் காட்டுகிறேன் என்று கூரைக்கு அழைத்துப் போய்த் தார்த் துணியைக் காட்டினேன். "இதுவா?" என்றார். இறங்கி வந்து சுவரில் கரியால் அதே கட்டடத்தை வரைந்து காட்டினேன். படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் சொல்றேன். படத்துல எவ்ளோ நல்லா கீது. இது இன்னாது, பரங்கிக்கா மாரி?"

பாய் உதவிக்கு வந்தார். அதே படுதாவின் முன்னால் வேறு ஆட்கள் நிற்கும் மாதிரிப் படங்களை எடுத்துப் போட்டார். "பாருங்க, இவங்கள்லாம் இங்க எடுத்துக்கினவங்கதான். பின்னால அதே கட்டடம்."

முனிரத்தினம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத்தினி பேரு போயிட்டு வந்துகீறாங்களே! அப்போ இவங்களுக்குத் தெரியும் எங்க கீதுன்னு. பாரு, மொட்டப் புள்ளகூடப் போயிருக்குது."

கடைசியாக ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். "இதே மாரிதான் அவனும் ஒண்ணு வாங்கிகீறான்" என்றார்.

பாய் கோட்டை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இவர மெட்ராஸுக்குக் கூட்டிகினு போய், அந்தக் கட்டடத்தக் காட்டிட்டு வந்துடுங்க. உங்களுக்குத்தான் பீச்சுப் பக்கம் நல்லாத் தெரியுமே."

மறுநாள் காலை புறப்பட்டோம். மெட்ராஸிலிருந்து வந்த வண்டிகளில் கூரைமேலும் ஆட்கள். எங்கள் பெட்டியில் நாங்களும் ஒரு கூடை வாழைத்தாரும்தான். மணவூரில் எதிர் வண்டி எங்கள் பக்கத்தில் நின்றபோது ஜன்னலில் தொங்கிய ஒருவர் கத்தினார்: "எங்கய்யா போறீங்க? குண்டு போடப் போறான்!"

"ஒரு கட்டடத்தப் பாக்கப் போறோம்" என்று முனிரத்தினம் அவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

எனக்குக் குண்டைவிட அந்தக் கட்டடம் பயமாக இருந்தது. அரக்கோணம் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனையும் முன்பே பார்த்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். என் பிஸ்கட் டப்பா மூடி செங்கல் சிவப்பில் வானம் வரைக்கும் நின்றுகொண்டிருந்தது. நான் வெள்ளையாக அல்லவா எழுதியிருந்தேன்! முனிரத்தினம் படத்தை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டார்.

"கடியாரம் கீது. தலைங்க எங்க?"

தலை என்று அவர் சொன்னது கும்பத்தை. தலைகள் இல்லை. பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்தது கார்ப்பரேஷன் கட்டடம். "வெள்ளையா கீது, கடியாரமும் கீது" என்று கொஞ்சம் நம்பிக்கையோடு அதைச் சுற்றி வந்தார். தலைகள் அதிலும் இல்லை. ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் படத்தைக் காட்டினேன். விரலால் கட்டடத்தைக் குறித்து, "இது எங்க இருக்குதுங்க?" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முன்பக்கம் செத்த காலேஜ் மாரி கீது. தலை ஐகோர்ட்டு மாரி கீது. ஏறுங்க, ரெண்டுத்தையும் காட்றேன். ஊரே காலி. உயிர் காலேஜுல சிங்கம் புலியெல்லாம் சுட்டுட்டாங்களாம், குண்டு விழுந்தா வெளிய வந்துடும்னு. நாமதான் பாக்கி."

எழும்பூரில் செத்த காலேஜ் முகப்பின்முன் நின்றோம். ரயில்வே கார்டு கைவீசிக் காட்டியது எனக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் சொன்னது ஒன்று, நான் எழுதியது கல்யாண வீட்டு முறுக்கு. முனிரத்தினம் தலையை ஆட்டினார். அங்கிருந்து ஐகோர்ட். காலண்டரில் கட்டைவிரல் அளவு இருந்த கும்பங்கள் இங்கே ஒன்றுக்குமேல் ஒன்றாக, சிவப்பும் வேலைப்பாடுமாக ஏறிக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் உச்சியில் கலங்கரை விளக்கு நின்றது. அண்ணாந்து பார்த்த எனக்குக் கழுத்து வலித்தது. இத்தனை நாளும் இதைத்தான் நான் கவிழ்த்து வைத்த கொழுக்கட்டையாக எழுதியிருந்தேன். அந்த நிமிஷம் பாய் பக்கத்தில் இருந்திருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

"தலைங்க கீது" என்றார் முனிரத்தினம். "கடியாரம் எங்க? கடலு எங்க?"

கடலுக்குப் போனோம். கடற்கரையில் சர்வகலாசாலைக் கட்டடம் இருந்தது. தலையும் இருந்தது, கோபுரமும் இருந்தது, கடலும் இருந்தது. ஆனால் கடல் கட்டடத்துக்கு எதிரே இருந்தது, பின்னால் இல்லை. கப்பல் தூரத்தில் ஒன்று தெரிந்தது, கடுகு அளவுக்கு. வழியில் கண்டவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டி, விரல் வைத்துக் கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜட்காக்காரர் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பெரியவர் மணலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"தம்பி" என்றார் கடலைப் பார்த்துக்கொண்டு. "நீ அந்தத் தார்த் துணியக் காட்டினப்பவே எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏங்க இவ்ளோ தூரம்?"

"இது பொய்யின்னு ஒத்துகினா அவன எங்கன்னு போயித் தேடுவேன்? பட்டணத்துல அவன் இருக்கறதுக்கு என்கிட்ட வேற இன்னா கீது? இந்தக் கட்டடம் ஒண்ணுதான். எங்கனா இருந்துடாதான்னு பாத்தேன்."

அவர் படத்தைத் துண்டில் சுற்றப் போனார். சற்றுத் தள்ளிச் சில ஆட்கள் கடற்கரை மணலை அள்ளிக் கோணிப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குண்டு விழுந்தால் தாங்க, பெரிய கட்டடங்களின் வாசலில் அடுக்குவதற்கு. இவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் படத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனேன். அவர்களுடைய மேஸ்திரியிடம் நீட்டினேன்.

"அண்ணே, இந்தக் கட்டடம் எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

அவர் குனிந்து பார்த்தார். "கட்டடம் தெரியலபா. நீ மொதல்ல கட்ட வெரல எடு."

எடுத்தேன்.

"அடச்சீ, இவன் நம்ம எத்திராஜுடா! டேய், வந்து பாருங்கடா, கோட்டு மாட்டிகினு நிக்கறான்!"

காலையிலிருந்து பட்டணம் முழுக்க நான் காட்டிய படத்தில், ஆளின் முகத்தை என் கட்டை விரல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கட்டடத்தைப் பற்றிக் கேட்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை. இந்த ஆளைத் தெரியுமா என்று ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை.

எத்திராஜ் அவர்களோடு கோணி அடுக்கும் கூலியாக இருந்தானாம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் அடுக்கிய வரிசை சரிந்து அவன் கால்மேல் விழுந்ததாம். "ஒரு மாசமாச்சி. பெரியாஸ்பத்திரியில கெடக்கறான். வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்டான்னா வேணாம் வேணாம்னு அழுவுறான்" என்றார் மேஸ்திரி.

"ஆஸ்பத்திரி எங்க இருக்குது?"

"சென்ட்ரலுக்கு எதுத்தாப்ல."

காலையில் நாங்கள் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இடம்.

எத்திராஜ் வார்டின் கோடியில் படுத்திருந்தான். கால் முழுக்க மாவுக்கட்டு. மாமனாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் சாய்ந்தான். இன்னும் என்னைக் கவனிக்கவில்லை.

"ஆபீஸ் மாடிப் படியில வழுக்கிட்டேன் மாமா" என்று அவசரமாக ஆரம்பித்தான். "அவங்கதான் சேத்தாங்க. எல்லாம் ஆபீஸ்லயே பாத்துக்கறாங்க. ஒண்ணும் கொறை இல்ல."

அப்போது அவன் கண் என்மேல் விழுந்தது. அடையாளம் தெரிந்துகொண்டான். முகம் வெளுத்தது. நான் வேறு எங்கேயாவது பார்க்கலாம் என்றால் வார்டில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

முனிரத்தினம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இவரு நம்ம திருத்தணிக்காரரு. வழி காட்றதுக்கு இட்டாந்தேன். மொதல்ல உன் ஆபீஸுக்குத்தான் போனோம்."

எத்திராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். "பாத்தீங்களா?"

"ஆங், பாத்தோம். பெருசு. கடியாரம் கீது, தலைங்க கீது, எல்லாம் கீது. இல்லப்பா?"

கடைசிக் கேள்வி எனக்கு. என் தொழிலில் என்னிடம் ஒருவர் கேட்ட மிகக் கஷ்டமான கேள்வி அது.

"ஆமாங்க" என்றேன். "பின்னால கடல்கூட இருக்குது."

எத்திராஜ் அழுதான். மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் காதுக்குள் போயிற்று. பெரியவர் துண்டால் காதைத் துடைத்துவிட்டார். "பொட்டப் புள்ள பொறந்துகீது. உன் மூக்கு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மணி அடித்ததும் எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

ஊர் திரும்பியதும் பள்ளிப்பட்டுக்கும் என்னைக் கூட்டிப் போனார் முனிரத்தினம். கட்டடத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுகிற பஸ்ஸில், முகமெல்லாம் புகையோடு போய் இறங்கினோம். அவருடைய மகள் தேசம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எத்திராஜ் உயிரோடு இருக்கிறான், கால் உடைந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டாள். உடனே நான் என் சாட்சியைத் தொடங்கினேன். ரயிலெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். "அவரு வேல செய்ற கட்டடம் இருக்குதே..."

"கட்டடம் கெடக்கட்டும்ணா" என்றாள். "எந்தக் காலு?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இடது" என்றேன் நான். "வலது" என்றார் அவர்.

"எப்பக் கூடும்னு டாக்டரு சொன்னாரு? அவுத்தா நடக்கலாமா? சோறு யாரு குடுக்கறாங்க? ராத்திரியில தண்ணி வேணும்னா யாரு எடுத்துக் குடுப்பாங்க?"

ஒரு நாள் முழுக்க மெட்ராஸைச் சுற்றி, தலையும் கடியாரமும் எண்ணிவிட்டு வந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

"நைனா, நீ வூட்டப் பாத்துக்கோ" என்று உள்ளே போனாள். ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்தாள். "அண்ணா, ஒங்களுக்கு வழி தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். பட்டணத்தைப் பற்றி நான் சொன்னதில் அதுதான் முதல் உண்மை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தேசம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே குழந்தையோடு தங்கிக்கொண்டாள். எத்திராஜின் கால் கூடியது. சற்றுச் சாய்ந்து நடப்பான். உடைந்தது இடதுதான். பள்ளிப்பட்டுக்குத் திரும்பி வந்து, நூல் கிடைத்தபோது தறியில் உட்கார்ந்தான். சண்டை முடிந்த பிறகு பாய் புதுக் காடாத் துணி வாங்கி, "இப்பத்தான் பாத்துட்டியேடா, ஒழுங்கா எழுது" என்றார். சென்ட்ரலைச் சென்ட்ரலாகவே எழுதினேன். செங்கல் செங்கலாக, கடலும் கப்பலும் இல்லாமல். நான் எழுதியதிலேயே யோக்கியமான படுதா அது. வாடிக்கைக்காரர்கள் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "பட்டணம் மாதிரியே இல்லியே பாய்" என்று தோட்டத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

ஆனால் செயலாளர் கேட்ட கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது என் கண்முன் வந்தது அந்த இரண்டாவது பயணம்தான். வண்டி சென்ட்ரலில் நின்றது. தேசம்மா ஒரு கையில் மூட்டையும் ஒரு கையில் குழந்தையுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள். அவளும் பட்டணத்தை அன்றுதான் பார்க்கிறாள். நான் வழக்கம்போல மேலே கை காட்டி, "இதாம்மா சென்ட்ரல் ஸ்டேஷன். அதோ பாரு, மணிக்கூண்டு. அந்தப் பக்கம் வெள்ளையா இருக்குதே, அது..." என்று தொடங்கினேன்.

அவள் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்ணா?"

எதிரே காட்டினேன். குழந்தையை இடுப்பில் ஏற்றிப் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினாள். டிராம் வண்டி மணி அடித்துக்கொண்டு நின்றது. அவள் நிற்கவில்லை. நான் மூட்டையை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.